நான்காவது சுற்றில் மைக்: கடலூர் பஞ்சா மேடை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை இழுத்துப் பழகிய கைகள் சும்மா இருக்கும். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் இந்த இரண்டு மாதத்தில்தான் கபடியும் கைப்பந்தும் பஞ்சாவும் சூடுபிடிக்கும். மேசைமேல் முழங்கையை ஊன்றி எதிராளியின் கையைச் சாய்ப்பதுதான் பஞ்சா. இங்கே ஆர்ம் ரெஸ்லிங் என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. "பஞ்சா பிடிக்கிறது" என்றால் கவிழ்த்த மீன் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

திரௌபதி அம்மன் கோயில் தீமிதியும் பாரதக் கூத்தும் பல ஊர்களில் இதே கோடையில்தான் நடக்கும். மே இரண்டாம் பாதியில், ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு சிறிய சங்கம் முறையான மேசையோடும் இரண்டு நடுவர்களோடும் நடத்திய பஞ்சா போட்டி பற்றியது இந்தப் பதிவு. எடைப் பிரிவுப் போட்டிகள் பகலிலேயே முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் நடந்த ஐந்து சுற்றுச் சிறப்புப் போட்டி, மூன்று சுற்று எடுப்பவருக்கு வெற்றி என்ற கணக்கு, அதுதான் ஆய்வுக்குரியது.

மேசையும் ஆட்களும்

மேசை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அடித்தது. தரையிலிருந்து உயரம் 40 அங்குலம், மேல்பரப்பு 36க்கு 26. முழங்கை வைக்கும் மெத்தை ஏழுக்கு ஏழு, கனம் 2 அங்குலம். கை விழ வேண்டிய பக்க மெத்தை 10 அங்குல நீளம், 4 அங்குல உயரம். மறு கையால் பிடித்துக்கொள்ள ஓர் அங்குல விட்டத்தில் 6 அங்குலக் குழாய். அளவெல்லாம் சரி. உள்ளே வைத்த பஞ்சுதான் மென்மையாகப் போய்விட்டது. முழங்கை அரை அங்குலம் அமுங்கியது, அமுங்கிய முழங்கை வழுக்காமல் ஒரே இடத்தில் பதிந்து நின்றது. ஆள் திரும்பும்போது முழங்கையும் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால் அந்தச் சுமை பிரியும். இங்கே அது மேல்கை எலும்பின் மேலேயே நின்றது. பின்னால் வருவதற்கு இதுவும் ஒரு சிறு காரணம்.

சிறப்புப் போட்டியில் மோதிய இருவரில் ஒருவர் துறைமுகத்தில் விசைப்படகுத் தொழிலாளி, வயது 38. மேசை விதிகளை மூன்று வாரம்தான் கற்றவர். கயிறும் வலையும் இழுத்த கை என்பதால் எதிராளியின் கையை உள்ளே வளைத்துத் தன் மார்புப் பக்கம் இழுக்கும் ஹூக் அவருக்கு யாரும் சொல்லித்தராமலே வரும். மற்றவர் புதுச்சேரி ஜிம் ஒன்றில் பயிற்சி தருபவர், வயது 26. விரல்களின் மேலேறி மணிக்கட்டைப் பின்னால் சாய்க்கும் டாப் ரோல் அவருடைய ஆட்டம். இந்தப் பதிவில் முன்னவரைத் துறைமுகக்காரர் என்றும் பின்னவரை ஜிம் தம்பி என்றும் குறிப்பிடுகிறோம்.

கதை எப்படிக் கட்டப்பட்டது

பஞ்சா ஒரு சுற்று சில நொடியில் முடிந்துவிடும் விளையாட்டு. விதி தெரியாதவருக்கு இரண்டு பேர் முகம் சிவந்து நிற்பது மட்டும்தான் தெரியும். கூட்டத்தை உட்காரவைக்க வேண்டுமானால் யார், ஏன் என்று சொல்லியாக வேண்டும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் 1950களில் மதுக்கடைப் பழக்கமாக இருந்ததைப் போட்டியாக வளர்த்தவர் பில் சோபரானஸ் என்ற பத்திரிகைப் பத்தி எழுத்தாளர். ஆக, இந்த விளையாட்டு முறைப்பட்டபோதே கதைசொல்லி பக்கத்தில் இருந்தார்.

சங்கத்து இளைஞர்கள் பார்த்து வளர்ந்தது 2023-ல் டெல்லியில் முதல் பருவம் நடந்த புரோ பஞ்சா லீக்கையும், கனடாவின் டெவன் லாரட்டையும். லாரட் போட்டிக்கு முன் வாயாலேயே பாதி ஆட்டத்தை ஆடிவிடுவார். 2022-ல் துபாயில் ஜார்ஜியாவின் லெவான் சகினாஷ்விலியிடம் ஒரு சுற்றுகூட எடுக்காமல் 6–0 என்று தோற்றார், ஆனாலும் ரசிகர்கள் அவரை விடவில்லை. தோற்றவருக்கும் அந்தக் கதையில் நிற்க ஓர் இடம் இருந்தது. சங்கம் முன்பாதி வாய்ச்சவடாலை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தப் பின்பாதியை விட்டுவிட்டது.

மைக் பிடிக்க அழைக்கப்பட்டவர் பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியார். பல வருடம் கூத்தில் கதையை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியக்காரன் வேடம் கட்டியவர், கூட்டத்தைச் சிரிக்கவைக்கவும் அழவைக்கவும் தெரிந்தவர். அவர் கையில் சங்கம் கொடுத்த கதை இது: துறைமுகக்காரரின் அண்ணன் ஒரு காலத்தில் துறைமுகத்தில் பஞ்சாவில் யாரும் சாய்க்காத ஆள். கடலில் இறந்துபோனார். தம்பி அந்தக் கையை எடுத்துக்கொண்டு மேடை ஏறுகிறார். எதிரே வெளியூர்க்காரன், இயந்திரத்தில் வளர்த்த உடம்பு. வாத்தியார் இதைக் கேட்டதும் தனக்குத் தெரிந்த அச்சில் வார்த்துவிட்டார். இவர் பீமன், அவர் துரியோதனன், இரவு பாரதத்தின் பதினெட்டாம் போர், துரியோதனன் விழும் படுகளம்.

நாற்பது நொடிக் காணொளி ஒன்றும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சுற்றியது. துறைமுகக்காரரிடம் "அண்ணனைப் பற்றி ரெண்டு வார்த்தை போடுறோம்ணே" என்று சொல்லி, அவர் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். காணொளியை அவருக்கு முன்கூட்டியே காட்டவில்லை. ஜிம் தம்பியிடம் எதுவுமே கேட்கவில்லை. வில்லனிடம் யார் அனுமதி கேட்பார்கள் என்ற நினைப்பு.

முதல் மூன்று சுற்று

முதல் சுற்று மூன்று நொடிகூட இல்லை. டாப் ரோலில் மணிக்கட்டு திறந்தது, கை விழுந்தது, ஜிம் தம்பிக்கு ஒன்று. கூட்டம் ஊளையிட்டது. வாத்தியார் மைக்கில், "சூது! இது சூது!" என்றார். சிரிப்பு எழுந்தது. அந்த நேரத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

இரண்டாம் சுற்றில் வியர்வையில் பிடி நழுவியது. மே மாத இரவு, உப்புக்காற்று, மக்னீசியம் பொடி ஐந்து நிமிடத்தில் பசையாகிவிடும். பிடி நழுவினால் நடுவர்கள் இருவர் கையையும் சேர்த்து நாடாவால் கட்டுவார்கள். ஸ்ட்ராப் கட்டியபின் டாப் ரோல்காரர் நழுவித் தப்ப முடியாது, ஹூக்காரருக்கு அது வாய்ப்பு. துறைமுகக்காரர் உள்ளே இழுத்து எடுத்தார். ஒன்றுக்கு ஒன்று. மத்தளம் அடித்தது, மேடைக்குக் கீழே முதல் வரிசையில் அவருடைய அம்மா எழுந்து நின்றார்.

மூன்றாவது சுற்று நீண்டது, முடிவில் துறைமுகக்காரருக்கு முன்கை செத்துவிட்டது. பஞ்சாவில் முதலில் போவது தோள் இல்லை, விரல்களும் முன்கையும்தான். படகில் நாளெல்லாம் இழுப்பவருக்கும் இந்த அசையாத இறுக்கம் புதிது. 2–1 என்று ஜிம் தம்பி முன்னே.

நான்காவது சுற்று

மறுபடி நழுவல், மறுபடி ஸ்ட்ராப். நடுவர் இருவர் தோளும் மேசைக்கு நேராக இருப்பதைப் பார்த்து, "ரெடி, கோ" என்றார். ஏறக்குறைய நாற்பது நொடியில் துறைமுகக்காரரின் கை வலப்புறம் பின்னால் சாய்ந்து, பக்க மெத்தைக்கு நான்கு விரல்கடை மேலே நின்றுவிட்டது. விழவும் இல்லை, திரும்பவும் இல்லை.

இந்த நிலையைச் சற்று விளக்க வேண்டும். வலது கையால் பிடிப்பவர் தன் இடப்பக்கம் தள்ளுகிறார். தோற்கும்போது கை வலப்பக்கம், வெளியே போகிறது. அப்போது முகமும் தோளும் கையை நோக்கித் திரும்பியிருந்தால் சுமை முதுகுக்கும் மார்புக்கும் பிரிந்துபோகும். முகம் இடப்பக்கம் திரும்பினால் தோள் ஒரு பக்கம் திருகும், எதிராளி முன்கையை மறுபக்கம் திருகுவார், நடுவில் மேல்கை எலும்பு. முழங்கைக்குச் சற்று மேலே அது சுழல்வாக்கில் பிளக்கும். அந்த இடத்தில் எலும்பை ஒட்டியே ரேடியல் நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். எதிராளி பலசாலியாக இருக்க வேண்டியதுகூட இல்லை. ஆளின் சொந்தத் தசைகள் பாதி வேலையைச் செய்துவிடும். அதனால்தான் பஞ்சா கற்றுத்தருபவர்கள் முதல் நாளே சொல்வது, "கையைப் பார்".

துறைமுகக்காரர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் மேடையின் இடது மூலையில், அதாவது அவருக்கு இடப்பக்கம் இருந்தது. அவருடைய அம்மா உட்கார்ந்திருந்ததும் அதே பக்கம். வாத்தியார் மத்தளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "தம்பி... உங்க அண்ணன் பாத்துக்கிட்டு இருக்கான்டா" என்றார்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

தலைமை நடுவர் "உள்ளே திரும்பு, உள்ளே திரும்பு" என்று இரண்டு முறை கத்திவிட்டு, இருவர் கைக்கும் அடியில் தன் கையைக் கொடுத்து நிறுத்தினார். திரும்பியதிலிருந்து நிறுத்தியது வரை போட்டியைப் பதிவுசெய்த காணொளியில் இரண்டு நொடிக்குச் சற்றுக் கூடுதல். ஆபத்தான நிலையில் நடுவர் நிறுத்தினால் அந்த நிலைக்குப் போனவருக்கு அந்தச் சுற்று போகும் என்று காலையிலேயே எல்லா வீரர்களிடமும் சொல்லியிருந்தார்கள். அதன்படி ஆட்டம் 3–1 என்று முடிந்தது.

அடுத்த பத்து நிமிடம்

கூட்டத்துக்கு இது ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பார்த்தது: கை விழவே இல்லை, வெளியூர் நடுவர் கையை விட்டுத் தடுத்தார், வெளியூர்க்காரன் ஜெயித்துவிட்டான். ஒரு மணி நேரமாக ஏற்றிவைத்த உணர்ச்சி இறங்க வழி இல்லாமல் நின்றது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாட்டில் பெருமிதத்துக்கும் அழுகைக்கும் இடம் போட்டு வைத்திருந்தார்கள், வந்தது வெகுளி, அதாவது கோபம். தண்ணீர் பாட்டில்கள் மேடைக்கு வந்தன. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. "துரியோதனா" என்று பின்வரிசையில் தொடங்கியது வேகமாக வேறு வார்த்தைகளுக்குப் போனது. அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை.

சங்கத் தலைவர் மைக்கை அணைக்கச் சொன்னார். தலைமை நடுவர் வேண்டாம் என்று தடுத்தார். மைக்கை அணைத்தால் கூட்டம் தானே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அது சரியான முடிவு என்றே ஆய்வில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவர் ஒரு ஈரத் துண்டை வாங்கி, ஒரு முனையை உதவி நடுவரிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து முறுக்கினார். தண்ணீர் சொட்டியது. "இது அவர் மேல்கை எலும்பு. நான் பிடிச்ச பக்கம் தோள், அவர் பிடிச்ச பக்கம் முழங்கை. துண்டுன்னா தண்ணி வரும், எலும்புன்னா சத்தம் வரும்" என்றார். பிறகு துண்டை மேசைமேல் போட்டுவிட்டு, மேற்கொண்டு பேசவில்லை.

சத்தம் அடங்கியது. கோபம் அச்சமாக மாறியது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் துறைமுகக்காரர் தானாக வந்து, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டே, ஜிம் தம்பியின் பக்கத்தில் நின்றார். ஜிம் தம்பி "அண்ணே, விரல் அசையுதா?" என்று கேட்டது அணைக்காத மைக்கில் விழுந்தது. அன்று இரவு கூட்டம் அழுதது அப்போதுதான். யாரும் திட்டமிடாத வசனம்.

மருத்துவமும் கூலியும்

மேடையிலேயே முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. மணிக்கட்டை மேலே தூக்க முடிகிறதா, கட்டைவிரலை விரித்து நிமிர்த்த முடிகிறதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கையில் தொட்டால் தெரிகிறதா. மூன்றும் சரியாக இருந்தன. அப்படியிருந்தும் கையைத் தொட்டிலில் கட்டி ஊடுகதிர்ப் படம் எடுக்க அனுப்பினார்கள். எலும்பு பிளக்கவில்லை. முழங்கையின் உட்பக்கத் தசைநார் இழுபட்டிருந்தது. நான்கு வாரம் இழுக்கும் வேலை கூடாது என்று மருத்துவர் சொன்னார்.

நான்கு வாரம் என்றால் ஜூன் மூன்றாம் வாரம். படகுகள் 15-ஆம் தேதியே கிளம்பிவிடும். விசைப்படகில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். போகாதவருக்குப் பங்கு இல்லை. இரண்டு மாதம் கரையில் கடன் வாங்கிச் சாப்பிட்ட வீட்டுக்குத் தடைக்காலம் முடிந்த முதல் பயணங்கள் என்ன என்பது துறைமுகத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் கணக்குப் போட்ட சங்கத்தின் நோட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. நுழைவுக் கட்டணத்தில் மீந்ததையும், போதாததற்கு உறுப்பினர்களிடம் வாங்கியதையும் சேர்த்து இரண்டு பயணத்துக்கான பங்கைக் கொடுத்தார்கள். அவர் முதலில் வாங்க மறுத்தார். அம்மா வாங்கிக்கொண்டார்.

ஆய்வுக் கூட்டம்

பத்து நாள் கழித்து உட்கார்ந்து காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் வந்த யோசனை எளிதானது: மைக்கை வலப்பக்கம் மாற்றிவிடலாம், அப்போது துறைமுகக்காரர் போன்றவர் திரும்பினாலும் கையை நோக்கித்தான் திரும்புவார். உதவி நடுவர் ஒரு நிமிடத்தில் இதை உடைத்தார். எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவரின் வலது மற்றவரின் இடது. மைக்கை எங்கே வைத்தாலும் யாரோ ஒருவருக்கு அது கழுத்தைத் தவறாகத் திருப்பும் பக்கம். இடத்தை மாற்றிப் பயனில்லை, நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கூட்டத்தின் ஆரவாரம் ஏன் அவரைத் திருப்பவில்லை என்றும் பேசினார்கள். அதற்குத் திசை கிடையாது, நாலாபுறமும் ஒரே இரைச்சல். தம்பி என்று கூப்பிடும் ஒரு குரலுக்குத் திசையும் உண்டு, முகவரியும் உண்டு.

வாத்தியார் தன் மேல் பழியைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதுதான் அன்றைய பேச்சில் கனமானது: கூத்தில் பீமன் ஜெயிப்பான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தெரிந்தே விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். முடிவு எழுதிவைத்த கதையை, முடிவு எழுதாத மேசைமேல் வைத்துவிட்டேன். பீமனுக்குத் தோற்கிற காட்சியே கிடையாது. அந்த ஆள் எப்படிக் கையை விடுவான்? அதோடு, படுகளத்தில் துரியோதனன் விழுந்தபின் அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள், விழுந்தவனுக்கும் அழுதுவிட்டுத்தான் ஊர் கலையும், அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன் என்றார். கதார்சிஸ், அதாவது நாடகம் பார்த்து உணர்ச்சி வடிந்து மனம் லேசாவது, என்று அரிஸ்டாட்டில் சொன்னதைக் கல்லூரியில் படித்த ஓர் உறுப்பினர் எடுத்துச் சொல்ல முயன்றார். வாத்தியார் சொன்னதற்குப் பிறகு அது தேவைப்படவில்லை.

காணொளியில் எல்லாரும் கவனிக்காமல் விட்ட ஒன்றும் இருந்தது. நடுவர் கை நுழைவதற்குச் சற்று முன்பே ஜிம் தம்பியின் தோள் தளர்கிறது. அவர் அழுத்தத்தை விட்டிருக்கிறார். ஸ்ட்ராப் கட்டியிருந்ததால் கை விலகவில்லை, அதனால் வெளியே தெரியவில்லை. தலைமை நடுவரிடம் கேட்டபோது, தான் பிடித்தபோது ஒரு பக்கம் ஏற்கெனவே லேசாக இருந்தது என்று உறுதி செய்தார். தொலைபேசியில் விசாரித்ததில் தெரிந்தது: இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி முகத்தைத் திருப்பி முழங்கையில் அடிபட்டு, ஒரு வருடம் மேசைப் பக்கமே வராமல் இருந்தவர் அவர். மேடையில் சொல்ல வேண்டிய கதை அந்தப் பக்கமும் ஒன்று இருந்திருக்கிறது. அவருக்கு அந்த வாரம் முழுக்க வந்த வசைச் செய்திகளைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார்.

மாற்றியவை

நடுவர் கையைப் பிடிக்கச் சொன்னதிலிருந்து நிறுத்தும் வரை மைக்கின் சுவிட்ச் ஒலிபெருக்கிக்காரர் கையில். அவர் பார்க்க வேண்டியது நடுவரை மட்டும். மத்தளமும் அப்படியே. அறிமுகம் ஒருவருக்கு 90 நொடி, இருவருக்கும் ஒரே அளவு. எழுதியதைப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அந்தந்த வீரருக்கு முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும், அவர் அடிக்கச் சொல்லும் வரியை அடிக்க வேண்டும். இறந்தவர் பெயர் வந்தால் வீட்டாரிடம் தனியாகக் கேட்க வேண்டும். புராண வேடம் யாருக்கும் இல்லை. சுற்று முடிந்ததும் முதலில் மைக் தோற்றவரிடம், விருப்பம் இருந்தால். துண்டு முறுக்கும் விளக்கம் கலவரம் வந்தபின் என்றில்லாமல் முதல் போட்டிக்கு முன்பே. முழங்கை மெத்தையில் பஞ்சை எடுத்துவிட்டுக் கெட்டியான ஃபோம் வைத்தார்கள். காயப்பட்டால் வேலை இழப்புக்கு என்று நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தார்கள்.

தை மாதப் போட்டி

பொங்கலை ஒட்டி ஒரு திருமண மண்டபத்தில் அடுத்த போட்டி. காயம் எதுவும் இல்லை. குறை வேறு வந்தது: மைக் நின்றதும் கூட்டமும் சேர்ந்து மௌனமாகிவிட்டது. "சாவு வீடு மாதிரி இருக்கு" என்று ஒருவர் எழுந்தே போனார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. மதியத்துக்குமேல் வாத்தியார் சுற்றுக்கு முன்பே கூட்டத்திடம், "கோ என்றதும் கத்துங்க, பேர் மட்டும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். பாதிப் பேர் கேட்டார்கள். இது இன்னும் சரியாகவில்லை.

துறைமுகக்காரர் அந்தப் போட்டியில் 90 கிலோ பிரிவில் ஆடி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றார். அண்ணனைப் பற்றிய வரியை அடிக்கச் சொல்லவில்லை, ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: அண்ணனையும் ஒருவர் சாய்த்திருக்கிறார், ஒரே ஒரு முறை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று. சொன்னார்கள்.

ஜிம் தம்பியைப் புதுச்சேரிக்கு இரண்டு முறை நேரில் போய் அழைத்தார்கள். முதல் முறை வாத்தியாரும் கூடப் போய் மன்னிப்புக் கேட்டார். ஜிம் தம்பி அவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார், துறைமுகக்காரரின் முழங்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.